64 கேபி மெமரி ஒரே துண்டா கேட்டா லினக்ஸ் கெர்னல் குடுக்கணுமா?

பைட்பாண்டி: நேத்து ஒரு மகான் "மெமரி கிடைக்கலன்னா ஈநோமெம் (மெமரி இல்லங்கிற எரர்) திருப்பி அனுப்பிட்டு போகவேண்டியதுதானே, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ஏன் லூப்ல சுத்தி சர்வர தொங்கவிடுது"ன்னு கேட்டிருந்தார். ஐயா, டிரான்சாக்ஷன் டர்ட்டி ஆனப்புறம், அதாவது பாதி மாத்தினப்புறம், கேன்சல் பண்ணா ஃபைல்சிஸ்டமே ஷட்டவுன். அதான் கிடைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கு.

நெல்லை_ரூட்: மகான் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 32 கேபி வரைக்கும், அதாவது ஆர்டர் 3 (ஒட்டி இருக்குற 8 பேஜ், ஒரு பேஜ் 4 கேபி) வரைக்கும், கெர்னலே விடாம தேடிக் குடுக்கும். அதுக்கு மேல ஏன் ஒரே துண்டா கேக்கணும்? ட்ரெயின்ல சீட்டு காலியா இருந்தும் 16 பேரும் ஒட்டி ஒட்டித்தான் உக்காருவோம்னு அடம்பிடிச்சா டிடிஆர் என்ன பண்ணுவார்?

பைட்பாண்டி: 32 கேபிக்கு உத்தரவாதம்னு எவன் எழுதிக் குடுத்தான்? அது பழக்கம், அவ்வளவுதான். 2014 கடைசில இதுக்குத்தான் மெமரி ஆளுங்களும் ஃபைல்சிஸ்டம் ஆளுங்களும் மல்லுக்கு நின்னாங்க.

செக்ஃபால்ட்_செல்வி: ரெண்டு பேரும் நிறுத்துங்க. கெர்னல் 4.12லயே கேவிமாலக்னு ஒரு ஃபங்ஷன் வந்தாச்சு. ஒட்டுன பேஜ் இல்லன்னா சிதறிக் கிடக்குறத விமாலக் கோத்துக் குடுக்கும்.

பைட்பாண்டி: செல்விக்கா, லாக் பிடிச்சிருக்கும்போது ரீக்ளெய்ம் (மெமரிய காலி பண்ற வேலை) திரும்ப அதே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள வந்தா டெட்லாக் (ஒண்ணுக்கொண்ணு காத்து நிக்கிறது), அப்படி வராதேன்னு சொல்றதுக்குத்தான் நோஎஃப்எஸ் ஃப்ளாக். அதை கேவிமாலக் ஒழுங்கா மதிச்சதே 5.17லதான். தோக்கவே கூடாதுங்கிற நோஃபெயிலும் அப்பத்தான். நான் பேசுறது கெர்னல் 3.10 பத்தி.

செக்ஃபால்ட்_செல்வி: இன்னும் 3.10ஆ? மியூசியத்துல வேலையா?

பைட்பாண்டி: கஸ்டமர் விடமாட்டேங்குறான், நீங்க வந்து மாத்திக் குடுங்க. ஒரு விஎம் (வர்ச்சுவல் மெஷின்) இமேஜ், 10 லட்சம் எக்ஸ்டென்ட் (டிஸ்க்ல ஒட்டி இருக்குற துண்டு). 256 எக்ஸ்டென்டுக்கு ஒரு 16 பைட் என்ட்ரி, அந்த அட்டவணையே 60 கேபிக்கு மேல, அதுவும் ஒரே துண்டா. டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) "டெட்லாக்கா இருக்கலாம்"னு வரிசையா கொட்டுது, ஃப்ரீ கமாண்ட் அடிச்சா ஜிபி கணக்குல காலி. பட்டிஇன்ஃபோல (எந்த சைஸ் துண்டு எத்தனை காலின்னு காட்டுற ஃபைல்) பாத்தா இடது பக்கம் ஆயிரக்கணக்குல, நாலாவது காலம் (32 கேபி) தாண்டினா பூரா சைபர்.

நெல்லை_ரூட்: அதத்தான் நானும் சொல்றேன், 32 கேபிக்கு மேல கேக்காத. 4.15ல அந்த அட்டவணைய பி பிளஸ் ட்ரீயா (சின்னச் சின்ன துண்டா கோத்த மரம்) மாத்திட்டாங்க, தப்பு யார் மேலன்னு அதுலயே தெரியல?

பைட்பாண்டி: 32 கேபிக்கு உத்தரவாதம் எங்கன்னு கேட்டேன், அதுக்கு பதில் எங்க?

எக்ஸ்ட்4_ரசிகன்: எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்துல இந்த தலைவலியே இல்ல.

நெல்லை_ரூட்: வந்துட்டாருப்பா. போன மாசம் பிடிஆர்எஃப்எஸ் சண்டைல பாதில ஓடுனவர்தானே?

எக்ஸ்ட்4_ரசிகன்: ஓடல, நைட் ஷிஃப்ட்.

பைட்பாண்டி: 32 கேபி. லிங்க் குடுங்க, காத்திருக்கேன்.