குடைக்குள்ள கம்பி எங்க தம்பி?

வெள்ளவத்தைப் பொடியன்:
கலியாணப் படம் ஒண்டு. கொழும்புப் பேர வாவியில அந்தக் குட்டித் தீவுக்குப் போற பாலத்தில சோடி நிக்குது. பொம்பிளை கையில சிவப்புக் குடை, பின்னால மரங்கள், அதுக்கும் பின்னால தாமரைக் கோபுரம். பக்கத்துக் கட்டடத்து அஞ்சாம் மாடியில நிண்டு எடுத்தது. அண்டைக்குக் காத்து, தண்ணியில பிரதிபலிப்பு ஒண்டும் விழேல்லை. அதை நானே செய்வம் எண்டு பாத்தன். போட்டோஷொப்பில படத்தை இன்னொரு லேயரா, அதாவது மேல வைக்கிற அடுக்கா, கொப்பி பண்ணி, தலைகீழாக்கி, 90 பாகையில மோஷன் பிளர் குடுத்து மேல கீழ இழுத்த மாதிரி மங்கலாக்கினன். ஆனா ஒட்டின மாதிரியே கிடக்கு. என்ன பிழை?

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:
ஒரு பிழையும் இல்ல தம்பி. டிஸ்பிளேஸ் பில்டர் போட்டுக் கொஞ்சம் அலை குடுங்க, கொஞ்சம் இருட்டாக்குங்க, முடிஞ்சுது. இருபது வருஷமா அல்பம் அடிக்கிறேன், தண்ணிய உத்துப் பாத்த மாப்பிள்ளை ஒருத்தரும் இல்ல.

கொக்கு:
அலையில்லை அண்ணே பிரச்சினை. குடையைப் பாருங்கோ. மேல இருந்து எடுத்தபடியா குடையின்ர முதுகு தெரியுது, சரி. தண்ணியிலயும் முதுகுதான் தெரியுது! தண்ணி கீழ இருந்தெல்லோ பாக்குது. அதுக்குக் குடையின்ர உள்பக்கம், கம்பியள்தான் தெரியோணும். பாலத்துக்கும் அப்பிடித்தான், அடிப்பக்கம்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:
அக்கா, கண்ணாடியில தலைகீழாத் தெரியுறதுதானே பிரதிபலிப்பு? இதுல என்ன மேல, கீழ?

கொக்கு:
கமரா தண்ணிக்கு 15 மீற்றர் மேல எண்டால், தண்ணிக்குள்ள தெரியிற காட்சி 15 மீற்றர் கீழ வைச்ச இன்னொரு கமரா பாக்கிற காட்சி. கீழ போகப் போகக் கிட்ட நிக்கிற மரம் தூரத்துக் கோபுரத்தைக் கூடுதலா மறைக்கும். கணக்குக்கு மரம் 400 மீற்றரில, கோபுரம் 1600 மீற்றரில எண்டு வைப்பம். நேரில தெரியிறதை விட இன்னும் 90 மீற்றர் மரத்துக்குப் பின்னால போயிடும். 350 மீற்றர் கோபுரத்தில அது நாலில ஒரு பங்குக்குக் கிட்ட. தம்பியின்ர படத்தில ரெண்டு கோபுரமும் ஒரே அளவு. அதுதான் ஒட்டின மாதிரி.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:
தண்ணியில உள்ள கோபுரத்தக் கொஞ்சம் கரைப் பக்கமா இழுத்து, மரத்துக்குப் பின்னால போறத மாஸ்க் பண்ணி மறைச்சா அது சரி. இந்தக் கணக்கெல்லாம் போட்டா எனக்கு வாடகை யார் கட்டுறது?

பழைய நெகட்டிவ்:
ரெண்டு பேரும் நிறத்தை விட்டுட்டீங்கள். பேர வாவி பச்சை. நேர கீழ பாத்தா தண்ணி நூற்றுக்கு 2 பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், மற்றதெல்லாம் பாசிதான். சாய்ஞ்சு பாக்கப் பாக்க அது கூடும். அதால படத்தின்ர அடிவிளிம்பில பிரதிபலிப்பு மங்கிப் பச்சை தெரியோணும், தூரக் கரையில பலமா இருக்கோணும். ஓபசிட்டியை, அதாவது லேயர் தெரியிற அளவை, எல்லா இடமும் ஒரே மாதிரி இறக்கினா வராது, மாஸ்க்கில படிப்படியா மாறுற கிரேடியன்ட் போடுங்கோ. அலையும் கிட்டப் பெரிசு, தூரச் சின்னன்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:
அந்தக் கிரேடியன்ட் நான் எப்பவும் போடுறதுதான். அத ஒத்துக்கிறேன். குடைக்கு என்ன செய்யச் சொல்றீங்க? கம்பிய வரையவா?

கொக்கு:
வரைய வேண்டாம். கமராவைத் தண்ணியோட ஒட்டிப் பிடிச்சு இன்னொரு படம் எடுத்து, அதைத் தலைகீழாக்கோணும். 15 மீற்றர் கீழ போகேலாதுதான், ஆனா கம்பி தெரியும், பாலத்தின்ர அடியும் தெரியும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
சோடி தேன்நிலவுக்கு நுவரெலியா போயிட்டுது அக்கா.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:
தலைகீழா, அலையில, பிளர்ல முகமா தெரியப்போவுது? சிவப்புக் குடையோட யார் நின்னா என்ன. ஞாயிறு காலையில ஆறு மணிக்குக் காத்து இருக்காது, என் தங்கச்சியக் கூட்டிட்டு வாறேன். குடை நீங்க கொண்டாங்க தம்பி.

கொக்கு:
அதே சிவப்பு. ரோஸ் கொண்டு வந்திடாதையுங்கோ.