சாவடிக் காவலருக்குப் பெயர் கேட்டார்கள்: கேம் மாஸ்டர்களின் அனுபவப் பகிர்வு

மினியாபொலிஸிலிருந்து

இனி ஆட்டம் நடத்தவே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஓர் இரவைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதம். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. நண்பர் ஒருவரின் அடுக்ககத்தில், தரைக்குக் கீழே ஒரு பொது அறை உண்டு. நீளமான மேசை, பத்து நாற்காலிகள், ஓயாமல் முனகும் ஹீட்டர். அங்கே நான்கு நண்பர்களை உட்காரவைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன். மற்றவர்கள் நடத்திய ஆட்டங்களில் பல ஆண்டுகள் விளையாடியிருக்கிறேன். கேம் மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்பதை அவர் சொல்வார். மிச்சமிருக்கும் உலகம் முழுவதும், அரசன் முதல் அடைமழை வரை, கேம் மாஸ்டரின் பொறுப்பு. நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம்.

மூன்று வாரம் தயாரித்திருந்தேன். கட்டம் போட்ட நோட்டில் பதினான்கு பக்கங்கள். வணிகர்களின் வண்டிகளைக் கொள்ளையடித்த கூட்டம், மலைமேல் இடிந்த காவற்கோபுரம், அதன் உச்சியில் கூட்டத்தின் தலைவன். ஒரு கட்டத்துக்கு ஐந்து அடி என்று கணக்கிட்டுக் கோபுரத்தின் மூன்று தளங்களையும் வரைந்து, எந்தப் படிக்கட்டு உளுத்துப் போயிருக்கிறது என்பதுவரை குறித்து வைத்திருந்தேன். கோபுரத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆற்றுப் பாலம், பாலத்தின் முகப்பில் சுங்கச் சாவடி. சாவடிக் காவலரைப் பற்றி நோட்டில் இருந்தது ஒரே வரி: "ஆளுக்கு இரண்டு வெள்ளிக்காசு கேட்பார், கொடுத்தால் விட்டுவிடுவார்."

விதிநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவரை எல்லோரும் ஆங்கிலத்திலேயே ஆடிக்கொண்டிருந்தோம். சாவடிக்கு வந்ததும், பிரபு குலத்து வீரராக ஆடியவர் திடீரென்று தமிழில், "ஏய், கதவைத் திற" என்றார். திருடனாக ஆடியவர் உடனே குறுக்கே வந்தார். "அவர் கிடக்கிறார், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. உங்கள் பெயர் என்ன?"

நோட்டைப் பார்த்தேன். பெயர் இல்லை. என் வாயில் வந்தது "சடையன்".

"சடையண்ணே, இந்தக் குளிரில் ஒற்றை ஆளாக நிற்கிறீர்களே, சம்பளமாவது ஒழுங்காக வருகிறதா?"

"நான்கு மாதமாக வரவில்லை" என்றார் சடையன். அதாவது, நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த இரண்டரை மணி நேரம் யாரும் கோபுரத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுங்கக் காசு எங்கே போகிறது? பெட்டியின் சாவி யாரிடம்? சம்பளப் பட்டுவாடா யார் பொறுப்பு? ஒவ்வொரு கேள்விக்கும் அந்த நிமிடமே பதில் தேட வேண்டியிருந்தது. இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி சடையனிடம், மற்றது நகரத்துக் கணக்குப்பிள்ளையிடம் என்றேன். பூசாரியாக ஆடியவர் பெட்டியை ஆராய்ந்தார், பகடையில் 17 விழுந்தது. பூட்டில் சமீபத்துக் கீறல் இருப்பதாகச் சொன்னேன். மேசையே கொந்தளித்தது.

ஒரு காட்சி மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. "ஏய்" என்று கூப்பிட்ட அந்த வீரர் வெகுநேரம் வாய் திறக்கவே இல்லை. பிறகு, "என் கையுறைகளைக் கழற்றி அவரிடம் கொடுக்கிறேன்" என்றார். அவருடைய பாத்திரத் தாளில் கையுறை என்று ஒரு பொருள் எழுதப்பட்டிருக்கவே இல்லை. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சடையன் அவற்றை வாங்கினார். கையில் மாட்டிக்கொள்ளாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஆட்டம் கலைந்தது. பதினான்கு பக்கத்தில் பதின்மூன்றரைப் பக்கம் தொடப்படவே இல்லை. காரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது நெஞ்சு கனத்துக் கிடந்தது. கதையைக் கையில் பிடித்து வைத்திருக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு ஏன் வந்தான் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் புதன்கிழமைக்குள் நால்வரில் மூவர் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "சடையனுக்குச் சம்பளம் கிடைத்துவிடுமா?"

பிற்பாடுதான் டேவிட் வெஸ்லியைப் பற்றிப் படித்தேன். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இதே இரட்டை நகரத்துக்காரர். 1969இல், நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை அவர் நடத்தினார். பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத் தளபதிகளோடு மேயர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று ஆளுக்கொரு வேடம். போர் மூளுவதற்குள் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் கூடிச் சதி பேசத் தொடங்கிவிட்டார்கள். இருவர் ஒற்றைக்கு ஒற்றை மோதுவதாகச் சவால் விட்டுவிட்டு, எப்படி மோதுவது என்று அவரிடமே வந்து கேட்டார்கள். அதற்கு விதியே கிடையாது. நின்ற இடத்திலேயே ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் பாழாகிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன், செயின்ட் பாலில் தன் பெற்றோர் வீட்டு நிலவறையில் 1971இல் பிளாக்மூர் என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். அதை விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டி வெளிவந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். நாம் இன்று உட்காரும் ஒவ்வொரு மேசைக்கும் வேர், ஒருவர் தோல்வி என்று நினைத்த அந்த ஆட்டத்தில் இருக்கிறது. நான் காரில் கனத்த நெஞ்சோடு கடந்த அதே மிசிசிப்பி ஆற்றங்கரையில் அது நடந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் முழுக்கத் தமிழிலேயே ஆடுகிறோம். ஆங்கிலத்தில் அரசனையும் குதிரைக்காரனையும் ஒரே 'யூ'வில் கூப்பிட்டுவிடலாம். தமிழில் வாயைத் திறந்தவுடனே நீயா, நீரா, நீங்களா என்று தீர்மானித்தாக வேண்டும். அந்த ஒரு சொல்லில் பாத்திரத்தின் பிறப்பு, வளர்ப்பு, செருக்கு எல்லாம் மேசைமேல் வந்து விழுந்துவிடுகிறது. "ஏய்" என்று கூப்பிடப்பட்ட சடையனும் "அண்ணே" என்று கூப்பிடப்பட்ட சடையனும் ஒரே ஆளாக இருந்திருக்க முடியாது. இப்போதெல்லாம் என் நோட்டில் நான் எழுதுவது குறைந்துவிட்டது. அவர்கள் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து

உங்கள் சாவடியை வாசித்ததும் எனக்கு என் சாவடி நினைவுக்கு வந்தது. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்றாலும் நான்கு வயதிலேயே கனடாவுக்கு வந்துவிட்டேன். என் மேசையில் ஆடும் அக்கா ஒருவர், 1990கள் முழுவதையும் அங்கேயே கழித்தவர். நான் நடத்திய கதை ஒரு கற்பனை நகரத்தில் நடந்தது. அந்நியப் படை பிடித்து வைத்திருக்கும் நகரம். அதில் ஒரு சோதனைச்சாவடி. மண்மூட்டைகள், ஒற்றை விளக்கு, வரிசையில் நிற்கும் சனம், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் நிற்கும் சிப்பாய். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டு நடத்தினேன். வீட்டில் பெரியவர்கள் கதைத்துக் கேட்டவற்றிலிருந்துதான் அந்த விவரங்கள் எனக்கு வந்தன என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

"நீ மட்டும் இந்தப் பக்கம் வா" என்று சிப்பாய் அக்காவின் பாத்திரத்தைக் கூப்பிட்டான். அக்கா பகடையை உருட்டவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடியிருந்தார். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. கதையில் ஆழ்ந்துவிட்டார் என்று எண்ணி நான் மேலே தொடர்ந்தேன். பக்கத்தில் இருந்த பையன்தான், "அண்ணா, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம்" என்று எழுந்தான். குசினியில் அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, அந்த இடத்தை விட்டுவிடுவோம்." ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு மேசையின் நடுவில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். அதில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. ஜோன் ஸ்டாவ்ரோபொலோஸ் என்பவர் முன்வைத்த வழக்கம் இது. காட்சி தாங்காமல் போனால் யாரும் அந்த அட்டையைத் தொடலாம். தொட்டவுடன் அந்த இடம் கதையில் இல்லை. காரணம் சொல்லவேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. இது ஆட்டத்தின் விறுவிறுப்பைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் மேசையில் அட்டை வந்த பிறகுதான் ஆட்கள் துணிந்து ஆடத் தொடங்கினார்கள்; எந்த இடத்திலும் இறங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தானே தூரப் பயணத்துக்கு ஏறுவார்கள்?

இரண்டு ஆண்டுகளில் அக்கா அதை ஒரே ஒருமுறை தொட்டார். நான் பயந்துகொண்டிருந்த எந்த இடத்திலும் இல்லை. தாழப் பறந்த ஹெலிகாப்டர் ஒன்றை வர்ணிக்கத் தொடங்கியிருந்தேன், அவ்வளவுதான். வானத்தை வெறுமையாக்கிவிட்டுக் கதையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன்.

சென்னையிலிருந்து

மேலே இருவரும் எழுதியதற்குப் பக்கத்தில் இது சின்ன விஷயம். ஆனாலும் ஒரு குழந்தையை அழவைத்த தவறு என்பதால் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் அக்காவின் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தோழர்களுக்கும் நடத்தினேன். நான்கு பேர், எல்லாம் பத்து, பதினொரு வயது. உறங்கும் அரக்கர்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போக வேண்டும். ஆளுக்கு ஒருமுறை பகடை உருட்டச் சொன்னேன். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். சுலபம்தானே என்று நினைத்தேன். மூவர் தாண்டிவிட்டார்கள், கடைக்குட்டிக்கு 4 விழுந்தது. அரக்கர்கள் விழித்தார்கள். மறுநாளும் இதே கதை, மாட்டியதும் அதே பையன். "என் பகடை கெட்டது" என்று சொல்லி அதை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு அழுதான்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் தப்புவதற்கு வாய்ப்பு 55 சதவீதம். நால்வரும் தப்ப வேண்டுமென்றால் அதை நான்குமுறை பெருக்க வேண்டும்: 9 சதவீதம்தான் தேறுகிறது. சுலபம் என்று நான் நினைத்த வாசலை ஏறக்குறைய அடைத்தே வைத்திருந்தேன். பையனின் பகடையில் ஒரு குற்றமும் இல்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு விதிநூலிலேயே இதற்கு வழி இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கூட்டமாகச் செய்யும் காரியத்தில் பாதிப் பேர் வென்றால் எல்லோரும் வென்றதாகக் கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் வாய்ப்பு சுமார் 76 சதவீதமாக ஏறுகிறது. மூன்றாம் நாள் அப்படி நடத்தினேன். கடைக்குட்டிக்கு மறுபடியும் 6தான் விழுந்தது. ஆனால் இந்த முறை, கால் இடறிய அவனை அவன் அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள் என்று சொன்னேன். அவள் உண்மையிலேயே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

என் அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் காலத்தில் தாயம் விழாமல் பொழுது முழுக்க உட்கார்ந்திருப்போம், யாரும் அழுததில்லை" என்றார். நியாயம்தான். தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். ஆனால் அங்கே விழாவிட்டால் அடுத்த சுற்று வரும். நான் அந்தப் பையனுக்கு அடுத்த சுற்றைக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

மினியாபொலிஸ் நண்பருக்கு ஒரு கேள்வி: சடையனுக்குச் சம்பளம் வந்ததா இல்லையா?

மினியாபொலிஸிலிருந்து, மறுபடியும்

ஸ்காபரோ நண்பரே, உங்கள் பதிவைப் படித்த அன்றே ஓர் அட்டை வெட்டி, என் பகடைப் பைக்குள் வைத்துவிட்டேன். என் மேசையில் யார் எதைச் சுமந்துகொண்டு வந்து உட்காருகிறார்கள் என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்த வாரம் கேட்கப்போகிறேன்.

சென்னை நண்பருக்கு: இரண்டு மாதச் சம்பளம் வந்தது. மீதி இரண்டு மாதத்துக்காகத்தான் மூன்று ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறோம். கொள்ளையருக்கு வண்டிகளின் வழியைக் காட்டிக்கொடுத்தவர் அந்தக் கணக்குப்பிள்ளைதான் என்று சென்ற மாதம் திருடனாக ஆடுபவர் கண்டுபிடித்தார். அது நான் எழுதிவைத்ததல்ல. அவர் சந்தேகப்பட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனபோது, அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை என்று தெரிந்தது, அதையே உண்மையாக்கிவிட்டேன். இடிந்த கோபுரம் இன்னும் மலைமேல்தான் இருக்கிறது, யாரும் ஏறவில்லை.

சடையன் இப்போது அவர்களோடு நடக்கிறார். கையுறைகள் இன்னும் இடுப்பில்தான். வரும் சனிக்கிழமை கணக்குப்பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஆட்டக்காரர்களுக்குள் இப்போதே சண்டை. அவருக்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.