நெய்தவரிடமே வாங்கப் போன அனுபவம்: மனதில் நிற்பதைச் சொல்லுங்கள்

சங்ககிரிக்காரன்:

தங்கை கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்க பவானி போயிருந்தோம். வழியிலேயே சித்தப்பா ஒரு கடையில் இரண்டு வாங்கி வண்டியில் போட்டுவிட்டார். ‘பவானி ஜமக்காளம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது, விலையும் சல்லிசு. தறி ஓடுகிற வீட்டில் வாங்கினால்தான் எனக்குத் திருப்தி. கூடுதுறையில் சாமி கும்பிட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டே ஊருக்குள் போனோம்.

ஒரு வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, சிவப்புப் பட்டை முடிந்து பச்சை நூலுக்கு மாறிக்கொண்டிருந்தார். சித்தப்பா சும்மா இருக்காமல் வண்டியில் இருந்ததைக் கொண்டுவந்து, “இது எப்படிங்க, நல்ல சரக்கா?” என்று நீட்டினார். பெரியவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். “இது எங்கூருது இல்லீங்க. மெஷின்ல ஓட்டினது. சோலாப்பூர்ப் பக்கமிருந்து வருது, பேரு மட்டும் எங்களுது.”

கோபமே இல்லாமல் சொன்னார். அப்புறம் அதன் மடிப்பைச் சரிசெய்து, மேலே ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, சித்தப்பா கையில் கொடுத்து, “இதுவும் எவனோ ராத்திரி கண்ணு முழிச்சு ஓட்டினதுதான், தூக்கிப் போட்றாதீங்க” என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1985ஆம் வருடச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய பதினொரு வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடும் (அந்த ஊரில் செய்ததற்கே அந்தப் பேர் என்கிற சட்டக் காப்பு) வாங்கியாயிற்று. அத்தனை காவல் இருந்தும் அவர் ஊர்ப் பேரைப் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கே வந்து நிற்கிறது.

கோர்வைக்காரி:

என் அம்மாவும் அப்பாவும் காஞ்சிபுரத்தில் கோர்வை (சேலை உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து நெய்வது) நெய்தவர்கள். அப்பா உடலுக்கு நாடா (குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை) போடுவார், கரைக்கான நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கொடுப்பார். இரண்டு பேர் உழைத்தாலும் கூலிச் சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். சேலையில் அந்த ஒரு பெயரும் இருக்காது.

போன வருடம் நாத்தனார் வீட்டு விசேஷத்தில் வைத்துக் கொடுத்த சேலை கோ-ஆப்டெக்ஸில் எடுத்தது. பிரித்தபோது நெய்தவரின் போட்டோவும் பெயரும் போட்ட அட்டை கீழே விழுந்தது. நாத்தனார் மகள், ஆறு வயது, அதை எடுத்துக்கொண்டு வந்து, “இந்தத் தாத்தா நமக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரையும் ஊரையும் சத்தமாகப் படித்தார். “எழுதிப் போட்டிருக்காங்க பாரு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளிபாளையம்:

சங்ககிரிக்காரரே, அந்தப் பெரியவர் கடைசியில் சொன்னதை விடாமல் எழுதியதற்கு நன்றி. நான் அந்த ‘எவனோ’. ஜமக்காளம் இல்லை, துண்டு, லுங்கி, வேட்டி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தறிச் சத்தத்தில் காது மந்தமாகாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. முன்பணம் வாங்கிவிட்டு அது தீரும் வரை அதே பட்டறையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பட்டறையோடு ஒட்டி ஓனர் ஒரு சின்ன விற்பனை அறை வைத்திருக்கிறார். ஒரு துண்டை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்கே, கைத்தறிதானே?” என்று கேட்டார். ஓனர் என்னைப் பார்த்தார். “விசைத்தறிங்க” என்று நான்தான் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், துண்டைப் பட்டென்று மேசையில் வைத்துவிட்டார். கன்னத்துக்கு இதமாக இருந்த அதே துண்டு! “சரி, நாங்க கைத்தறி மட்டும்தான் வாங்கறது” என்று கிளம்பிவிட்டார். உனக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கைத்தறிப் பெயரில் விசைத்தறியை விற்பது திருட்டுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பொய் சொல்லாமல் விற்கிற விசைத்தறியும் உள்ளூர்த் தொழில்தான். பொங்கலுக்கு ரேஷனில் கொடுக்கிற இலவச வேட்டி சேலை ஆர்டர் வந்தால்தான் எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பு தடையில்லாமல் எரியும். 1983இல் தொடங்கின திட்டம் அது.

சங்ககிரிக்காரன்:

நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனாலும் ஒன்று. அந்த அம்மா கைத்தறி மட்டும் வாங்குவதென்று முடிவு செய்தது தப்பில்லை. நெய்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிற நேரத்தில் யாராவது அப்படிப் பிடிவாதமாக இருந்தால்தான் அந்தப் பெரியவர் தறி ஓடும்.

பள்ளிபாளையம்:

பிடிவாதத்தை நான் குறை சொல்லவில்லை. துண்டை வைத்த விதத்தைச் சொன்னேன்.

சுங்குடி:

என் அனுபவம் சின்னது. ஒரு நெசவாளர் வீட்டில், தறியில் பாதி நெய்திருந்த மாம்பழ மஞ்சள் பட்டைக் காட்டி, முடிந்ததும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மனைவி சட்டென்று கதவுப் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அது முதலாளி சேலைம்மா” என்றார். அந்த எட்டிப் பார்த்தல் என்னை உலுக்கிவிட்டது.

அதனால் இங்கே நேரடியாக வாங்குங்கள், நேரடியாக வாங்குங்கள் என்று சொல்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாவு (தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்), பட்டு, சரிகை எல்லாம் முதலாளி கொடுத்தது என்றால் அந்தச் சேலை நெய்தவருக்குச் சொந்தமில்லை. விற்கச் சொல்லி வற்புறுத்தினால் மாட்டிக்கொள்வது அவர்தான். சொந்த நூல் போட்டு நெய்கிறாரா, கூலிக்கு நெய்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கூலிக்கு என்றால் அந்த ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையகத்துக்குப் போய் வாங்குங்கள்.

அடுத்தது முத்திரைகள். சில்க் மார்க் என்பது அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், கைத்தறி என்பதற்கு இல்லை. விசைத்தறியில் ஓட்டிய அசல் பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்று சொல்வது 2006இல் வந்த கைத்தறி முத்திரை. இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கரையோரத்து ஊசித் துளையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கத் தறியிலேயே குச்சி மாட்டுவார்கள், அதன் தடம் அது. விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும், அங்கேயும் தடம் விழும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், நமக்கு அது மட்டும் போதாது. சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார்.

அப்புறம் நேரம். தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையில் போய் அவசரப்படுத்துகிறோம். அது அடைமழைக் காலம். குழித்தறியில் தண்ணீர் ஊறும், பாவு நனையும், வேலை நின்றுவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, விற்பனை மந்தம். அப்போது ஆர்டர் கொடுத்து முன்பணமும் கொடுத்தால் நெய்கிறவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், நமக்கும் கேட்ட நிறம் கிடைக்கும். தீபாவளித் தள்ளுபடியைப் பற்றியும்...

கோர்வைக்காரி:

ஆடி ஆர்டர் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிறுவயதில் மழை மாதங்களில் எங்கள் வீட்டில் தறிக்குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் இறைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் தனிப் பதிவாகப் போடுங்களேன் அக்கா, இங்கே அனுபவம் வரட்டும்.

தேரிக்காட்டான்:

துணி இல்லை, கருப்பட்டி. இடம் உடன்குடிப் பக்கம். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது எல்லாருக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து வந்த நண்பரைக் காய்ச்சுகிற பனந்தோப்புக்கே கூட்டிப்போனேன். கருப்பட்டி வேண்டும் என்றதும் அந்த அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: “சீனி போட்டதா, போடாததா?”

நண்பர் திகைத்துவிட்டார். அண்ணாச்சி மறைக்கவே இல்லை. “போடாதது வெல கூட. வெலையச் சொன்னா வந்தவன் வண்டிய எடுத்துட்டுப் போயிருதான். சீனி போட்டதத்தான் எல்லாரும் கேக்காங்க, கேக்கத் தெரியாமக் கேக்காங்க.” பக்கத்தில் அன்று காலை இறக்கிய பதனீர் தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கினவர் சாயங்காலம் பாளை சீவ மறுபடியும் அத்தனை மரமும் ஏற வேண்டும். விழுந்தால் யாரும் கேட்க நாதியில்லை. அந்த விலை உண்மையில் கூடவே இல்லை. நண்பர் போடாதது வாங்கினார். ஆனால் “கேக்கத் தெரியாமக் கேக்காங்க” என்று சொன்னபோது அண்ணாச்சி முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

நொய்யல்கரை:

பள்ளிபாளையம் அண்ணன் எழுதியதைப் படித்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளூர்த் தொழில் என்ற ஒரு காரணத்துக்காக நாம் எதையும் தூக்கிப் பிடிக்க முடியாது. எங்கள் தோட்டம் நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை. நிறைந்தது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். கிணறு கெட்டது, இளநீர் உப்புக் கரித்தது, மாடு தண்ணீரில் வாய் வைக்கவில்லை. விவசாயிகள் கோர்ட் படி ஏறி ஏறி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று கண்டிப்பு காட்டினார்கள். பட்டறைகளில் வேலை பார்த்தவர்களும் எங்கள் சொந்தபந்தம்தான், அவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன்.

அதனால் துணி எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பேன். சமீபத்தில் ஒரு கடையில், இயற்கைப் பருத்தி, உள்ளூர்த் தயாரிப்பு என்று அழகாகப் பலகை வைத்திருந்தார்கள். “சாயம் எங்கே போட்டதுங்க?” என்றேன். கடைக்காரப் பையன் சட்டையில் தொங்கிய அட்டையைத் திருப்பினான். மறுபக்கமும் திருப்பினான். உள்பக்கம் காலரில் தைத்திருந்ததைப் பார்த்தான். துவைக்கும் முறை இருந்தது, விலை இருந்தது, பருத்தி எந்த ஊர் என்றுகூட இருந்தது. “சாயம் எங்கன்னு இதுல போடறதில்லைங்ணா” என்றான். நல்ல பையன், நிஜமாகவே தேடினான். எங்கள் கிணற்றுக்கு நடந்தது எந்த அட்டையிலும் ஏறவில்லை.

பள்ளிபாளையம்:

நியாயம் தம்பி. காவிரிக்கரையில் இருக்கிற எங்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு. இங்கேயும் சாயத் தண்ணீர் ஆற்றில் கலப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேரேடு:

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. ஒரு தீபாவளிக்கு ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பத்தமடைக் கோரைப் பைகளும் மேசை விரிப்பும் கொடுப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவு. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறப்போட்டு, மெலிதாகக் கிழித்து, சாயமேற்றி நெய்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அந்தப் பாயைத் தொட்டவர்களுக்குத் தெரியும். பெண்கள் குழு ஒன்று சொன்ன தேதிக்குச் சரக்கை அனுப்பியது. ஆண்டறிக்கையில் அந்தப் பெண்கள் பாய் நெய்கிற போட்டோ முழுப் பக்கத்துக்கு வந்தது.

பில் மட்டும் பாஸாகவில்லை. எல்லா சப்ளையருக்கும் 90 நாள் என்பதுதான் இங்கே வழக்கம். குழுத் தலைவி எனக்கு போன் செய்தார். “சார், கோரைக்காரருக்கும் சாயத்துக்கும் ரொக்கமாக் குடுத்தாச்சு. உங்க கம்பெனி புஸ்தகத்துல எங்க போட்டோ வந்திருக்குன்னு எம்மவ செல்லுல காமிச்சா. பணம்தான் வரல.” திட்டவில்லை, கெஞ்சவில்லை. அந்த ஆண்டறிக்கை என் மேசை மேல் இருந்தது.

அன்றைக்கே சட்டப் புத்தகத்தோடு மேலாளர் அறைக்குப் போனேன். 2006ஆம் வருடச் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைச் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023இல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த திருத்தத்தைக் காட்டினேன். கெடு தாண்டினால், பணத்தைக் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அந்த வாரமே பணம் போய்விட்டது. போட்டோவைப் பார்த்து வராத வேகம் வரிக் கணக்கைப் பார்த்து வந்தது. எனக்கு உறுத்துவது அதுதான்.

கோர்வைக்காரி:

இந்த 45 நாள் எல்லாருக்கும் பொருந்துமா? எங்கள் தெருவில் ஒரு அக்கா நாலைந்து பேரை வைத்துத் துணிப்பை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நாலு மாதமாக ஒரு இடத்தில் பாக்கி.

பேரேடு:

சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்க வேண்டும், சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருந்தால் சிக்கல் இல்லை. அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் செய்யலாம், ஏஜென்ட் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். பழைய பாக்கிக்குப் பில்லும் சரக்கைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.