மகிழ்ச்சியோடே ஆராதனை: கைகளை உயர்த்தாதவர்களைப் பற்றி ஒரு கேள்வி

உவர்மலை வாசகர்:
அன்பான சகோதர சகோதரிகளே, திருகோணமலையில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் முதற்பகுதியைச் சில மாதங்களாக இளைஞர் குழுவொன்று கீபோர்ட், டிரம்ஸ் சகிதம் நடத்தி வருகிறது. பாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. என் குறை அதில் இல்லை. ஆனால், "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருக்கிறவர்கள் எல்லாரும் கைகளை உயர்த்துங்கள்" என்று நடத்துபவர் இடையிடையே சொல்லும்போது, பின்வரிசையில் ஒரு தாயார் சேலைத் தலைப்பால் தலையை மூடியபடி, கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பிள்ளைகளைக் கடல் கொண்டுபோயிற்று. அவரோ எந்த ஞாயிறும் ஆலயத்துக்கு வரத் தவறுவதில்லை. மகிழ்ச்சியோடே ஆராதனை செய்யும்படி 100 ஆம் சங்கீதம் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதற்காக, கைகளை உயர்த்தாதவருக்கு மகிழ்ச்சியில்லை என்றும், மகிழ்ச்சியில்லாதவர் தேவனுடைய ராஜ்யத்தின் மதிப்பை அறியாதவர் என்றும் கொள்ளலாமா? வேத ஆதாரத்தோடு விளக்குவீர்களா?

மட்டக்களப்புச் சகோதரன்:
ஐயா, இளைஞர்களுக்காகவும் ஒருவர் பேச வேண்டும். கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்த நாளில் தாவீது ராஜா ஆசாரியர் அணியும் சணல்நூல் ஏபோத்தைத் தரித்துக்கொண்டு தன் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினான். பலகணி வழியாகப் பார்த்துத் தன் இருதயத்திலே அவனை அவமதித்தவள் அவன் மனைவி மீகாள். பலகணியில் நின்று பார்க்கும் பழக்கம் நம் பழைய சபைகளில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது (நான் வளர்ந்த சபையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). ஆயினும் 2 சாமுவேல் 6 ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், தன்னைப்போல் ஆடும்படி தாவீது எவரிடமும் சொன்னதாக இல்லை; ஜனங்களை ஆசீர்வதித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினான் என்றே இருக்கிறது.

மன்னார் வாசகர்:
உங்கள் கேள்விக்கான விடை மத்தேயு 13:44 இல் சொற்கள் வரும் வரிசையிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பரலோகராஜ்யத்துக்கு ஒப்பாக ஆண்டவர் சொன்ன அந்த உவமையில், நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷத்தைக் கண்டவன் "அதைப்பற்றிய சந்தோஷத்தினாலே" போய்த் தனக்குள்ள எல்லாவற்றையும் விற்கிறான். விற்றபின் சந்தோஷம் வந்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. சந்தோஷமே அவனை விற்க வைத்தது, அந்தச் சந்தோஷத்துக்கும் முன்னால் அவன் பொக்கிஷத்தைக் கண்டிருந்தான். காணாதவனிடம் சந்தோஷப்படு என்று ஒலிவாங்கியில் எத்தனை தரம் சொன்னாலும் அது அவனுக்குள் பிறக்காது.

அடுத்த உவமையில் வரும் முத்து வியாபாரியைப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில், 1905 இல் மரிச்சுக்கட்டியில் நடந்ததும் அதிலொன்று, அரசாங்கத்தின் பங்குக்குரிய சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே வியாபாரி பணத்தைக் கட்டினான். சிப்பியை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு கழுவிப் பார்த்த பின்னரே இலாபமா நட்டமா என்பது அவனுக்குத் தெரியவந்தது. ஆண்டவர் சொன்ன வியாபாரி அப்படி ஏலம் எடுத்தவனல்லன். நல்ல முத்துகளைத் தேடித் தேடிப் பழகிய கண்ணால், விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டு, அதன் பெறுமதி தெரிந்தே எல்லாவற்றையும் விற்றான். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஆண்டவர் சொன்னபோது, மாற்கு 10 ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் விலையைக் கேட்டறிந்தான். முத்தை அவன் காணவில்லை, ஆகவே துக்கத்தோடே திரும்பிப் போனான்.

நீங்கள் சொல்லும் தாயாரின் கைகள் மடியில் இருக்கட்டும். தன் பிள்ளைகளைக் கொண்டுபோன கடலின் கரையிலேயே வாழ்ந்துகொண்டு, அந்தக் கடலைப் படைத்தவருடைய ஆலயத்துக்கு வாராவாரம் வந்து உட்காருகிற ஒருவர் ராஜ்யத்தின் மதிப்பை அறியாதவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பாலையூற்றுச் சகோதரி:
எஸ்றா 3 ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களையும் இதனோடு சேர்த்து வாசியுங்கள். எருசலேமில் இடிக்கப்பட்ட ஆலயத்தை மறுபடி கட்ட அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரித்தார்கள். எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று ஜனங்களால் பகுத்தறிய முடியவில்லை. அழுதவர்களை எவரும் அதட்டியதாக எழுதப்படவில்லை.

நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். எங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761 இல் சபையாருக்குப் பாடும் முறை பற்றிச் சில அறிவுரைகளை எழுதினார். அரைத்தூக்கத்தில் இருப்பவர்களைப் போலப் பாடாமல் உற்சாகமாகப் பாடும்படி சொன்ன அவரே, மற்றவர்களின் குரலை அமுக்கும்படி கத்த வேண்டாம் என்றும் சொன்னார். உங்கள் டிரம்ஸ் குழுவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டலாம். முதற்பாடலுக்கு முன் 13 ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள்: "எதுவரைக்கும்" என்று தொடங்கி, ஆறே வசனங்களில் "அவரைப் பாடுவேன்" என்பதில் வந்து நிற்கும். நடத்துபவர் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

உவர்மலை வாசகர்:
அனைவருக்கும் நன்றி. 13 ஆம் சங்கீதம் பற்றிப் போதகர் ஐயாவிடம் கதைத்தேன். வருகிற ஞாயிறே வாசிக்கச் சம்மதித்தார். மட்டக்களப்புச் சகோதரன் பலகணியைப் பற்றிச் சொன்னதை எங்கள் மூப்பர்களும் கேட்கத்தான் வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்றுதான் யோசிக்கிறேன். அந்தத் தாயாருக்கு விருப்பமான கீர்த்தனை எதுவென்று அவரிடமே கேட்டுவரச் சனிக்கிழமை போகிறேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி 2004 க்குப் பின் பிறந்தவர். அவருக்கு இந்தக் கதையை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரும் என்னோடு வருகிறார்.