நாயாறு கரைக் காவல் குழு

செயலாளர்: நேற்றிரவு லைட் பாய்ச்சி மீன் பிடித்த படகின் படத்தைப் போடுங்கோ. காலையில் முல்லைத்தீவுக் கடற்றொழில் அலுவலகத்துக்கு முறைப்பாட்டோடு போகிறேன்.

சின்னத்தம்பி: 📷

அக்கா: தம்பி, இது படகா? கறுப்புத் துணியில் நாலு மின்மினி மாதிரி இருக்கிறது.

சின்னத்தம்பி: எங்கட படகு ஆடினது அக்கா.

செயலாளர்: போன தரமும் இப்படித்தான். எத்தனை மணி, எந்தப் படகு என்று கேட்டார்கள். முழித்துக்கொண்டு நின்றேன்.

பெரியண்ணை: அதுக்குத்தானே கொப்பி வாங்கினது. யாரிட்ட?

சின்னத்தம்பி: என்னட்ட. நனைந்துவிட்டது. நனையாத பக்கத்தில் எண்ணெய்க் கணக்கு.

அக்கா: 😂😂

செயலாளர்: சரி, இனிக் கடலில் எழுத வேண்டாம். நேரம், படகு இலக்கம், என்ன வலை, இவ்வளவையும் குரல் பதிவில் சொல்லுங்கோ. நிற்கிற இடத்தை போனிலேயே அனுப்பலாம். கரையில் அக்கா எழுதட்டும்.

அக்கா: எழுதுகிறேன். ஆனால் வெளியூர்ப் படகு மட்டும்தானா? நேற்று நாயாற்றுக் களப்பு கடலோடு சேருகிற வாயில் தங்கூசி வலை, அந்த ஒற்றை நைலோன் இழை வலைதான், காய்ந்தது. யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

சின்னத்தம்பி: 🤐

அக்கா: விரல் நீளம்கூட இல்லாத மணலை மீன், இரண்டு வாளி. என்னிடம்தான் விற்க வந்தது. நான் வாங்கவில்லை. மீன் வாங்குகிற அடுத்த வாடிக்குப் போய்விட்டது.

செயலாளர்: தங்கூசியும் தடைதான். களப்பு 2017இல் இயற்கை ஒதுக்கமானது. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். நம்மாளை விட்டுவிட்டு மற்றவனை மட்டும் காட்டிக்கொடுத்தால், முதல் கேள்வியே அதுதான் வரும்.

சின்னத்தம்பி: பதிவில்லாத குழு கேட்டால் யார் மதிப்பினம்?

செயலாளர்: 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தில் மீனவர் குழு அமைக்க இடமிருக்கிறது. சங்கத்தின் கடிதத்தோடு விண்ணப்பிப்போம். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடிக்கான தடைச் சட்டம்கூட 2017இல் சும்மா வரவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

*(இரவு 9.40)*

பெரியண்ணை: அந்தத் தங்கூசி என்ரை மருமகன்ரை.

அக்கா: தெரியும் அண்ணை. அதுதான் பெயர் சொல்லவில்லை.

பெரியண்ணை: எழுது பிள்ளை. முதல் பக்கத்திலேயே எழுது. வலையையும் ஆளையும் காலையில் சங்கத்துக்குக் கூட்டிவாறன்.

செயலாளர்: 🙏

சின்னத்தம்பி: அக்கா, கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் வைச்சுக்கொள்ளுங்கோ.