அல்பியன் ஒன்லைன் விளையாட்டில் துணி விற்கிறேன், கணக்கில் இலாபம், கையில் நட்டம். எங்கே பிழை?

ஒட்டுசுட்டான்_நெசவு
வணக்கம். மூன்று மாதமாகக் கைத்தொலைபேசியில் விளையாடுகிறேன். ஆசிய சேர்வர், பிரீமியம் சந்தா இல்லை. எங்கள் பக்கம் சிக்னல் அடிக்கடி அறுந்துபோவதால் சண்டைக்குப் போவதில்லை. பிரிட்ஜ்வாட்ச் நகரில் நார் வாங்கி, நான்காம் தரத் துணி நெய்து, அங்கேயே விற்கிறேன்.

சென்ற வாரம் 1,000 துணி செய்தேன். ஒரு துணிக்கான நாரும் மூன்றாம் தரத் துணியும் சந்தையில் 340 வெள்ளி (விளையாட்டுக் காசு). நெய்யும்போது பொருளில் ஒரு பங்கு திரும்பிக் கிடைக்கும், அதைக் கழித்தால் 288. பட்டறைக் கட்டணம் 6. ஆக அடக்கவிலை 294. விற்றது 320க்கு. 26,000 வெள்ளி மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் தொடங்கியபோது இருந்ததைவிட ஏறக்குறைய 24,000 குறைந்திருக்கிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். யாராவது விளக்குங்கள்.

குளக்கட்டு
தம்பி, சந்தை வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்ன விலைக்கு விற்கிறேன் என்று விற்பனை ஓடர் போடும்போதே 2.5 வீதம் எடுத்துவிடுவார்கள். விற்றபின் பிரீமியம் இல்லாதவருக்கு 8 வீதம், இருந்தால் 4. உங்கள் 320இல் 33.60 அதிலேயே போய்விட்டது. மிச்சம் 286.40. துணிக்கு 7.60 நட்டம், ஆயிரத்துக்கு 7,600. மீதி 16,400 எங்கே போனது என்பதுதான் எனக்கும் விளங்கவில்லை. ஓடரை இடையில் எடுத்து மறுபடி போட்டீர்களா?

ஒட்டுசுட்டான்_நெசவு
ஆம் அண்ணா. முதலில் 330க்குப் போட்டேன். வேறொருவர் என்னைவிடக் குறைத்துப் போட்டார். எடுத்துவிட்டு 325க்குப் போட்டேன். அடுத்த நாளும் அதே கதை, 320க்கு இறங்கினேன்.

குளக்கட்டு
அதுதான். ஓடரை இரத்துச் செய்தால் கட்டிய 2.5 வீதம் திரும்பி வராது. 330க்கு 8.25, 325க்கு 8.13. இரண்டையும் கூட்டி ஆயிரத்தால் பெருக்குங்கள், காணாமற்போன 16,400 வந்துவிடும். விலையைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். 200, 200ஆகப் பிரித்துப் போட்டுப் பொறுத்திருங்கள். அவசரமென்றால் வாங்குபவர் போட்டுவைத்திருக்கும் ஓடருக்கே கொடுத்துவிடுங்கள். விலை குறைவுதான், ஆனால் அந்த 2.5 இல்லை, வரி மட்டுமே.

கனகராயன்_ஆறு
பேசாமல் எல்லாவற்றையும் மாட்டில் ஏற்றிக் கேர்லியன் நகருக்குக் கொண்டுபோங்கள். அங்கே நல்ல விலை.

பாலைப்பழம்
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் தம்பி. கேர்லியனைச் சுற்றிச் சிவப்பு வலயம். அங்கே வேறு ஆட்டக்காரர் அடித்து விழுத்தினால் மாட்டில் ஏற்றிய துணி முழுவதும் பறிபோய்விடும். சிக்னல் அறுந்து நீங்கள் நடுவழியில் நிற்கும்போது யார் காப்பாற்றுவார்கள்?

உங்கள் பெரிய நட்டம் வரியில் இல்லை, நெய்யும் ஊரில் இருக்கிறது. பிரிட்ஜ்வாட்ச் கல்லுக்கு உரிய நகரம். அங்கே துணி நெய்தால் 15.2 வீதப் பொருள்தான் திரும்பிக் கிடைக்கும். துணிக்கு உரியது லிம்ஹர்ஸ்ட், அங்கே 36.7 வீதம். உங்கள் 340 வெள்ளிப் பொருள் 288க்குப் பதிலாக 215 ஆகிவிடும். பக்கத்து நகரம்தான். நீலம், மஞ்சள் வலயங்கள் வழியாகச் சுற்றிப் போங்கள். மஞ்சளில் அடித்து விழுத்தினாலும் பொருளைப் பறிக்க முடியாது.

ஒவ்வொரு நகரத்துச் சந்தையும் தனித்தனி. வன்னியில் நெல் விற்ற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. களத்தில் லொறிக்காரன் சொல்லும் விலை ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று, தம்புள்ளையில் இன்னொன்று. ஏற்றுக்கூலியும் சாக்குக் கழிவும் போகக் கையில் நிற்பதைத்தானே வீட்டில் விலை என்று சொல்வோம்?

ஒட்டுசுட்டான்_நெசவு
அக்கா, நீங்கள் சொன்னதும் அப்பாவின் வயல் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். காலபோகக் கணக்கில் உழவு, விதைநெல், யூரியா, வெட்டு மெசின், சாக்கு, கட்டுகிற நூல் வரை எழுதியிருக்கிறார். நூலுக்குக்கூட ஒரு வரி! நான் வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் எழுதியிருந்தேன். அதே கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் தொடங்கிவிட்டேன். பிரீமியம் எடுத்தால் வரி பாதியாகும்தானே, காசு கட்டி எடுக்கட்டுமா?

குளக்கட்டு
வீட்டுக் காசைத் தொடவேண்டாம். விளையாட்டு வெள்ளியைக் கொடுத்து விளையாட்டுத் தங்கம் வாங்கி, தங்கத்தால் பிரீமியம் எடுக்கலாம். அந்த அளவு வெள்ளி சேரும்வரை 8 வீதத்தோடே கணக்குப் போடுங்கள்.

ஒட்டுசுட்டான்_நெசவு
நான்கு நாள் கழித்து வருகிறேன். நாரை லிம்ஹர்ஸ்டுக்குக் கொண்டுபோய் 200 துணி மட்டும் நெய்தேன். அடக்கவிலை பட்டறையோடு 221. அங்கே துணி மலிவு, 280தான். ஒரே ஓடர். ஒருவர் 278க்கு இறக்கினார், கை துருதுருத்தது, தொடவில்லை. நேற்று இரவு முழுவதும் விற்றுவிட்டது. வரியெல்லாம் போகத் துணிக்கு 250.60. கொப்பியில் எழுதிய இலாபம் 5,920, பையில் கூடியிருப்பதும் 5,920. இருவருக்கும் மிக்க நன்றி.

அடுத்து ஐந்தாம் தரம் நெய்யலாமா? ஒரு துணிக்கு மூன்று நாரும் ஒரு நான்காம் தரத் துணியும் கேட்கிறது.

பாலைப்பழம்
நெய்யலாம். முதலில் 50 மட்டும். அந்த நான்காம் தரத் துணியை நீங்களே நெய்தாலும், அன்றைய சந்தை விலையைக் கொப்பியில் செலவாக எழுதுங்கள். சும்மா கிடைத்தது என்று விட்டுவிடாதீர்கள்.