1500 மீட்டர் 7 நிமிஷம்: ரெண்டு ரவுண்டுலயே மூச்சு முட்டுது, ஸ்டாமினா எப்படி ஏத்துறது?

ஏழுநிமிஷம்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 23, விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். கான்ஸ்டபிள் ரிட்டன் நல்லா எழுதிருக்கேன், ஹைட் 172, செஸ்ட் 81ல இருந்து 87 விரியுது, அதெல்லாம் ஓகே. பிரச்சனையே 1500 மீட்டர்தான், 7 நிமிஷத்துல ஓடி முடிக்கணும். டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருஷமா பிரிண்டிங் பிரஸ்ல உக்காந்தே வேலை, ஸ்கூல்ல கபடி ஆடுனதோட சரி, அதுக்கப்புறம் பஸ்ஸ பிடிக்கத்தான் ஓடிருக்கேன்.

எங்க ஊர் ஸ்கூல் கிரவுண்டு ஒரு ரவுண்டு 250 மீட்டர்னு எல்லாரும் சொல்லுவாங்க, அப்ப 6 ரவுண்டு 1500. ரெண்டு வாரமா தினமும் காலைல போறேன், முதல் ரவுண்டு சூப்பரா போகுது, ரெண்டாவது முடியறதுக்குள்ள நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆயி விலாவுல பிடிச்சுக்குது, அப்புறம் நடை, திரும்ப ஓட்டம், திரும்ப நடைன்னு 6 ரவுண்டு முடிக்க 10 நிமிஷம் 40 செகண்ட் ஆகுது. ரெண்டு வாரத்துல ஒரு செகண்ட் கூட குறையல. இப்ப முழங்காலுக்கு கீழ முன்னெலும்பும் வலிக்குது. இன்னும் மூணு மாசம் இருக்கும்னு நினைக்கிறேன். நடக்குமா, இல்ல பேசாம விட்டுரலாமா?

நெல்லைமக்கா:

ஏல தம்பி இதுக்கா விடப்போற. நான் சொல்லுதேன் கேளு, தினமும் 10 ரவுண்டு, உயிர் போனாலும் நிக்காத, நிக்கறதாலதான் ஸ்டாமினா வரமாட்டேங்கு. மூச்சு மூக்குலதான் விடணும், வாய தொறந்தா போச்சு. காலைல ரெண்டு நாட்டுக்கோழி முட்டை பச்சையா அடிச்சு குடி. நாங்கல்லாம் இடுப்புல மணல் மூட்டை கட்டிக்கிட்டு ஓடுனவங்க.

கிரவுண்டுபார்ட்டி:

நெல்லை அண்ணே கோச்சுக்காதீங்க, இந்த அட்வைஸ கேட்டுத்தான் நான் முதல் தடவை ஃபெயில் ஆனேன்.

தம்பி, நான் இப்ப சர்வீஸ்ல இருக்கேன், ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ். முதல் அட்டெம்ப்ட் கதைய சொல்றேன் ஏன்னா உன் கதையும் அதேதான். ஒரு அகாடமில சேர்ந்து தினமும் ஃபுல் ஸ்பீடுல அஞ்சு ரவுண்டு, ஒரு நாள் கூட லீவு இல்லாம. டெஸ்ட் அன்னிக்கு ஆயுதப்படை மைதானத்துல நெஞ்சுல நம்பர் ஒட்டி வரிசைல நிறுத்துனாங்க, விசில் ஊதுனதும் எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி பறக்குறான், நானும் பறந்தேன். 400 மீட்டர் டிராக்ல 1500ன்னா முதல்ல ஒரு 300, அப்புறம் முழு ரவுண்டு மூணு. அந்த முதல் 300 எனக்கு 55 செகண்ட், கூட வந்த தம்பி கோட்டுக்கு வெளிய நின்னு டைம் எடுத்தான். அடுத்த ரவுண்டு 1:34. அதுக்கடுத்து 2:05. கடைசி ரவுண்டுல கால் என்னுதே இல்ல, வாய்ல இரும்பு ருசி, 2:34. கூட்டிப் பாரு, 7:08. எட்டு செகண்டுல ஒரு வருஷம் போச்சு.

இப்ப கணக்க பாரு. 7 நிமிஷம்னா 420 செகண்ட், 100 மீட்டருக்கு 28 செகண்ட் வருது. 28 செகண்ட்ல 100 மீட்டர் ஓடச்சொன்னா நீயே சிரிப்ப, எங்க அத்தை பையன் எட்டாவது படிக்கிறான், அவன் ஓடுவான். ஸ்பீடு உன்கிட்ட ஏற்கனவே இருக்கு, அந்த ஸ்பீட 15 தடவை விடாம தாங்கறதுதான் இல்ல. அதுக்கு தினமும் செத்து சுண்ணாம்பாகி ஓடுறது மருந்து இல்ல, மெதுவா ஓடுறதுதான் மருந்து. எவ்வளவு மெதுவான்னா, ஓடிக்கிட்டே வீட்டுக்கு போன் போட்டு பேசுனா நீ ஓடுறது அம்மாவுக்கு தெரியக்கூடாது. அந்த அளவு மெதுவா.

மூக்குலதான் மூச்சு விடணும்கிறதையும் விட்டுரு. மூக்கு வாய் ரெண்டையும் தொற, காத்து எந்த வழியா வந்தா என்ன.

ஏழுநிமிஷம்:

அண்ணே ரொம்ப நன்றி, ஆனா ஒரு டவுட்டு. மெதுவா ஓடி பழகுனா மெதுவாத்தானே ஓட வரும்? டெஸ்ட்ல வேகமா ஓடணுமே. அதுவும் அவ்வளவு மெதுவா ஓடுனா கிரவுண்டுல வாக்கிங் வர்ற தாத்தா என்னைய முந்திருவாரு, நெஜமாவே.

பழையபிடிவாத்தியார்:

தாத்தா முந்தட்டும் தம்பி, அவருக்கு பிடி டெஸ்ட் இல்ல.

உங்க டவுட்டு நியாயமான டவுட்டுதான், இதே டவுட்டு 60 வருஷம் முன்னாடி உலகத்துல பாதி கோச்சுக்கு இருந்துச்சு. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு ஒருத்தர், ஷூ ஃபேக்டரில வேலை பார்த்தவரு, பால் ஊத்துற வேலையும் செஞ்சிருக்காரு, பெரிய படிப்பெல்லாம் இல்ல. தன் உடம்பையே சோதனைக்கு வச்சு ஓடி ஓடி கண்டுபிடிச்சதுதான் அவர் முறை. 800 மீட்டர் ஓடுற பசங்களையே முதல்ல சில மாசம் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் நிதானமா ஓட விட்டாரு, ஞாயித்துக்கிழமைன்னா மலைப்பாதைல 35 கிலோமீட்டர். ரெண்டு நிமிஷம் கூட ஆகாத ரேஸுக்கு எதுக்குய்யா இதுன்னு கேட்டாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல அவர்கிட்ட பயிற்சி எடுத்த பையன் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்ல தங்கம், அதே நாள் ஒரு மணி நேரத்துக்குள்ள இன்னொரு பையன் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டர்ல தங்கம். அப்புறம் யாரும் கேக்கல.

காரணம் இதுதான். 1500 மீட்டர்ல செலவாகற சக்தில முக்கால் பங்குக்கு மேல ஆக்சிஜன வச்சு உடம்பு தயாரிக்கிறது. நிதானமா நெறைய நேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தம் கூடும், தசைக்குள்ள மெல்லிசான ரத்தக்குழாய் புதுசா கிளை விடும், ஆக்சிஜன எரிச்சு சக்தி ஆக்குற மைட்டோகாண்ட்ரியா பெருகும். தினமும் மூச்சு முட்ட அஞ்சு நிமிஷம் ஓடிட்டு உக்காந்துட்டா இதுக்கெல்லாம் நேரமே கிடைக்காது, மறுநாள் உடம்பு வலி மட்டும் மிச்சம்.

நீங்க 160 எல்லாம் நினைச்சுக்கூட பாக்காதீங்க. வாரத்துல நாலு நாள் போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற மாதிரி பாத்துக்கோங்க. முதல் வாரம் ரெண்டு நிமிஷம் மெதுவோட்டம் ஒரு நிமிஷம் நடை, இப்படி எட்டு தடவை. மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே நடக்கணும், வாங்குன பிறகு இல்ல, இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. அடுத்த வாரம் மூணு நிமிஷம், அதுக்கடுத்து அஞ்சு, இப்படியே போனா அஞ்சாவது வாரம் 20 நிமிஷம் நிக்காம ஓடுவீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமா, நடந்தும் ஓடியும் 40 நிமிஷம். அதுக்கப்புறம்தான் வேகம், அதுவும் வாரத்துல ஒரே ஒரு நாள்: 400 மீட்டர் 1:48ல ஓடிட்டு ரெண்டு நிமிஷம் நடை, அந்த மாதிரி மூணு, போகப்போக நாலு. 1:48 ஏன்னா அந்த வேகத்துல 1500 ஓடுனா 6:45 வரும், 15 செகண்ட் கைல மிச்சம் இருக்கும். 1:30ல ஓட முடியுதுன்னு ஓடிறாதீங்க. வாட்ச் பாக்காமயே அந்த 1:48 காலுக்கு தெரியணும், அதுதான் பயிற்சி.

தினமும் டைம் பாக்கறத நிறுத்துங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும். செடிய தினமும் பிடுங்கி வேர் வந்துருச்சான்னு பாக்கற கதைதான் நீங்க பண்ணிக்கிட்டு இருக்கறது.

அப்புறம் அந்த கிரவுண்டு 250 மீட்டர்னு யார் அளந்தது? ஊர்ல சொல்றத நம்பாதீங்க. சைக்கிள் முன் டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு டேப் வச்சு அளந்துட்டு, கிரவுண்ட சுத்தி உருட்டிக்கிட்டே போய் எண்ணுங்க. போன் ஆப்ப விட இது கரெக்டா இருக்கும், சின்ன கிரவுண்டுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுறப்ப ஜிபிஎஸ் கண்டபடி காட்டும்.

பிசியோஅக்கா:

முன்னெலும்பு வலிய யாருமே கண்டுக்கல. தம்பி, கட்டை விரலால எலும்போட உள்பக்க ஓரத்த மேல இருந்து கீழ வரைக்கும் அழுத்திப் பாருங்க. ஒரு சாண் நீளத்துக்கு பரவலா வலிச்சு, ஓட ஆரம்பிக்கறப்ப இருந்து உடம்பு சூடானதும் கொறைஞ்சுதுன்னா அது புதுசா ஓடுறவங்களுக்கு சாதாரணமா வர்றது, ஷின் ஸ்பிளின்ட்னு சொல்லுவோம். ஆனா ஒரே ஒரு புள்ளில தொட்டா சுள்ளுன்னு வலிக்குது, ராத்திரி படுத்தாலும் வலிக்குது, ஒத்தக் கால்ல குதிக்க முடியலன்னா ஓட்டத்த அன்னிக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட போங்க. எலும்புல மயிரிழை விரிசலா இருக்கலாம், முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாமலும் போகும், அதனால எக்ஸ்ரே நார்மல்னு சொல்லி ஓடிறாதீங்க.

சாதாரண வலிதான்னா ஒரு வாரம் ஓட்டத்துக்கு பதிலா சைக்கிள் மிதிங்க. தார் ரோட்ட விட்டுட்டு மண்ணுல ஓடுங்க, கண்மாய் கரை மாதிரி, ஆனா சரிவான பக்கம் வேண்டாம். காலடிய எட்டி வைக்காம சின்னதா அடிக்கடி வைங்க. வீட்டு வாசப்படில முன்பாதத்த வச்சு குதிகால ஏத்தி எறக்குறது, 15 தடவை, மூணு செட், தினமும். மூச்சு ஒரு மாசத்துல பழகிடும், எலும்பும் தசைநாரும் பழக அதைவிட நாளாகும். மூச்சு வந்துருச்சேன்னு தூரத்த ஏத்துறவங்கதான் என்கிட்ட வர்றாங்க.

நெல்லைமக்கா:

மணல் மூட்டை கட்டி ஓடுனதுல எனக்கு இப்ப 41 வயசுலயே முட்டி மடக்க முடியல, அத சொல்ல விட்டுட்டேன் 😄 ஆனா முட்டை நல்லதுதானல?

பிசியோஅக்கா:

முட்டை நல்லதுதான் அண்ணே, பச்சையா வேண்டாம், அவிச்சு சாப்பிடுங்க. ஓடுறதுக்கு முன்னாடியும் வேண்டாம், விலாவுல பிடிக்கிறதுக்கு பாதி காரணம் வயித்த நெரப்பிட்டு ஓடுறதுதான். தம்பி காலைல என்ன சாப்பிட்டு போறீங்க?

ஏழுநிமிஷம்:

பெரிய சொம்பு நெறைய கம்மங்கூழ்க்கா... தெம்பா இருக்கும்னு அம்மா குடுக்கும். 😬

400மீட்டர்பொண்ணு:

இங்க நானும் சொல்லிக்கிறேன், பொண்ணுங்களுக்கு 400 மீட்டர் 2:30ல முடிக்கணும், நானும் ரெண்டு மாசம் ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணியும் படியேறுனாலே மூச்சு வாங்குச்சு, சோம்பேறின்னு வீட்ல திட்டு வேற. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் 9.2. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும், ஆம்பளைங்களுக்கு 13. ஆக்சிஜன தூக்கிட்டு போற ஆளே பத்தாதப்ப எவ்வளவு ஓடி என்ன. இரும்புச்சத்து மாத்திரை அங்கயே ஃப்ரீயா குடுத்தாங்க, சாப்பாட்டோட டீ குடிக்கிறத நிறுத்தச் சொன்னாங்க, டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாதாம். மூணு மாசத்துல 11.8 வந்துச்சு, ஓட்டமும் தானா வந்துச்சு. பசங்களும் ஒரு தடவை பாத்துக்கோங்க, பெரிய செலவு ஒண்ணும் இல்ல.

கிரவுண்டுபார்ட்டி:

நல்ல பாயிண்ட்டுமா. இன்னொண்ணு, கிரவுண்டு பக்கம் ஊசி போடுறேன், மாத்திரை தர்றேன், மூச்சே வாங்காதுன்னு சொல்ற ஆள் வருவான். கிட்ட சேக்காத.

ஏழுநிமிஷம்:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், யாராவது இருக்கீங்களா?

வாத்தியார் சொன்ன மாதிரி சைக்கிள் டயர் வச்சு அளந்தேன். தங்கச்சி எண்ண நான் உருட்ட, ரெண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போச்சு, மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு. கிரவுண்டு 250 இல்லயாம், 310 மீட்டர்! அப்ப நான் 6 ரவுண்டுன்னு ஓடுனது 1860. அந்த 10:40ல 1500 மீட்டர் எட்டரை நிமிஷத்துக்கே முடிஞ்சிருக்கு. நான் ஒருத்தன் ரெண்டு வாரம் அழுதுட்டு இருந்துருக்கேன்.

கால் வலி அக்கா சொன்ன முதல் வகைதான், ஒரு வாரம் சைக்கிள் ஓட்டுனதுல பெரும்பாலும் போயிருச்சு, வாசப்படி எக்சர்சைஸ் இன்னும் விடல. கூழ இப்ப ஓடிட்டு வந்து குடிக்கிறேன், விலா பிடிப்பு அப்படியே நின்னுருச்சு. தாத்தா முதல் பத்து நாள் என்னைய முந்துனாரு, ரெண்டு தடவை திரும்பிப் பாத்து சிரிச்சாரு, இப்ப அவர்கூட பேசிக்கிட்டே ஓடுறேன், அதாவது அவர் வேகமா நடக்குறாரு நான் ஓடுறேன். 20 நிமிஷம் நிக்காம போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா ஓடுனேன், நம்பவே முடியல. நேத்து டைம் பாத்தேன், 1500 மீட்டர் 7:21. கடைசி ரவுண்டுலயும் மூச்சு கைல இருந்துச்சு, முதல் 300தான் ரொம்ப பயந்து 1:35 ஓடிட்டேன்.

கிரவுண்டுபார்ட்டி:

சபாஷ் தம்பி. முதல் 300க்கு 1:21 எடுத்துக்கோ, இப்ப ஓடுனதவிட அங்கயே 14 செகண்ட் வந்துரும், மிச்சம் ஏழு செகண்டுக்கு வாத்தியார் சொன்ன அந்த வாரத்துல ஒரு நாள் 400 ஆரம்பி. டெஸ்ட் அன்னிக்கு எல்லாரும் பறப்பான், நீ பின்னாடி வா, ரெண்டாவது ரவுண்டுல இருந்து ஒவ்வொருத்தனா உன்கிட்ட வருவான்.

ஏழுநிமிஷம்:

சரிண்ணே. இது முடிஞ்சா கயிறு ஏறணுமே, அதுல பாதிகூட ஏற வரல, அதுக்கு எதாவது ஐடியா?

கிரவுண்டுபார்ட்டி:

அதுக்கு தனி கேள்வி போடு, இங்க வேண்டாம். உள்ளங்கைல தோல் உரிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு, போட்டோவோட வர்றேன்.